வீணைக் கலைஞன் கேட்ட கேள்வி



யாழ்ப்பாணத்துக்கு வேலி வழக்குப் புதியதல்ல. எல்லைக் கதியால் ஒரு முழம் தள்ளி நாட்டப்பட்டதா, இல்லையா என்று சொல்ல நாலு சாட்சிகள் கூண்டில் ஏறுவார்கள். நாலு பேரும் ஒரே ஊரவர். ஒரே ஒழுங்கையால் தினமும் நடப்பவர்கள். ஒரே வேலியைப் பார்த்தவர்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து நாலு வேலிகள் எழும்பும். அப்புக்காத்துமாரின் குறுக்கு விசாரணை முடிந்து, நீதவான் தீர்ப்பை எழுதுவார். தீர்ப்புக் கிடைத்துவிடும். உண்மை கிடைத்ததா என்ற கேள்வி மட்டும் வேலியோரத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

இந்தக் கேள்வியைத் தமிழ்த் திரையிலே கேட்ட ஒருவர் உண்டு. அவர் தத்துவ நூல் எழுதியவரல்லர். இலக்கியவாதிகள் நெடுங்காலம் சற்று ஏளனமாகவே பார்த்துவந்த கொலைக் கதையையும், ஆவிக் கதையையும், மர்மக் கதையையும் கையில் எடுத்துக்கொண்டு அவர் அதைக் கேட்டார். நடிகராகத் திரைக்கு வந்து, நெறியாளராக மாறி, ஈற்றில் இரண்டையும் விட்டுவிட்டு வீணையோடு வாழ்ந்து மறைந்த சுந்தரம் பாலசந்தர்தான் அவர். வீணை எஸ். பாலசந்தர் என்றால் சங்கீத இரசிகர்கள் உடனே அறிவார்கள். கே. பாலசந்தரோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இருவரும் வேறு வேறானவர்கள். நாம் இன்று பேசப்போவது மூத்தவரைப் பற்றி.

1927ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் திகதி சென்னையிலே பிறந்தவர் பாலசந்தர். தந்தையார் சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். கலைஞர்களை வீட்டில் வைத்து உபசரித்த இரசிகர். 1934இல் மராத்திய மண்ணின் புகழ்பெற்ற பிரபாத் நிறுவனம் 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தபோது அந்தக் குடும்பமே அதில் நடித்தது. பின்னாளில் ஓவியராகவும் இசைஞராகவும் பெயர்பெற்ற மூத்த மகன் எஸ். ராஜம் இராமனானார், மகள் ஜெயலட்சுமி சீதையானார், தந்தையார் ஜனகரானார். பாலசந்தர் இராவணனின் சபையிலே கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். உடன்பிறந்தவர்கள் திரையிலே தம்பதியராக நிற்பதா என்று அக்காலத்தில் முணுமுணுத்தவர்களும் இருந்தனர். வேடத்துக்கும் நிஜத்துக்கும் இடையிலுள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதை அந்தச் சிறுவன் ஏழு வயதிலேயே கண்டிருப்பான் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம்.

அவருக்கு எதையும் தானே கற்றுக்கொள்ளும் பிடிவாதம் இருந்தது. கஞ்சிரா, தபேலா, சித்தார் என்று ஒவ்வொரு வாத்தியமாக வசப்படுத்தினார். இளமையிலே சென்னை வானொலியில் இசைக் கலைஞராகப் பணியாற்றினார். வீணையையும் குருவின்றியே பயின்றார். இதே பிடிவாதத்தோடுதான் சினிமாவுக்குள்ளும் புகுந்தார்.

1948இல் வெளிவந்த 'இது நிஜமா?' என்ற படத்திலே அவருக்கு இரட்டை வேடம். கொல்லப்பட்ட சகோதரனின் ஆவி திரும்பி வந்து, உயிரோடிருக்கும் சகோதரனை ஆட்டிவைக்கும் கதை. ஹொலிவூட்டில் டனி கே நடித்த 'வொண்டர் மான்' படத்தின் சாயல் அதில் உண்டு. நெறியாண்டவர் கிருஷ்ண கோபால். அதே ஆண்டில் 'என் கணவர்' படத்தைப் பாலசந்தர் தாமே நெறியாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1951இல் ஜுபிடர் நிறுவனத்துக்காக இருள் கவிந்த குற்றக் கதையான 'கைதி'யை எடுத்தார். அதே ஆண்டில், ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவலைத் தழுவிய 'இராஜாம்பாள்' படத்திலே வில்லனாக நடித்தார். பி. பானுமதியோடு 'ராணி' படத்தில் கதாநாயகன். 'பெண்' படத்தில் ஜே. பி. சந்திரபாபுவின் பின்னணிக் குரலுக்கு வாயசைத்து ஆடிய குறும்புக்கார இளைஞன். ஒரு நட்சத்திரமாக வேண்டியவருக்கு வழி திறந்துதான் இருந்தது. அவர் அந்த வழியால் போகவில்லை.

அவர் திசை மாறியதற்கு ஒரு யப்பானியப் படம் காரணமாயிற்று.

அகிரா குரோசாவாவின் 'ரஷோமொன்' 1950இல் எடுக்கப்பட்டது. 1951இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பெற்றது. யப்பானியச் சிறுகதை மேதை அகுதகாவாவின் இரு கதைகளை இணைத்து உருவான படம் அது. காட்டிலே ஒரு சாமுராய் இறந்துகிடக்கிறான். கொள்ளைக்காரனும், இறந்தவனின் மனைவியும், ஆவியாக வந்து பேசும் இறந்தவனும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பின்னர் ஒரு விறகுவெட்டியும் சொல்கிறான். ஒன்றோடொன்று பொருந்துவதாயில்லை. படவிழாவொன்றில் இதைப் பார்த்த பாலசந்தர், இந்தப் பாணியிலே ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார். வானொலி அதை ஏற்கவில்லை. அவர் அந்தக் கதையைக் கொண்டுபோய் ஏவி.எம். நிறுவனத்தின் ஏ. வி. மெய்யப்பனிடம் சொன்னார். செட்டியார் அதைப் படமாக்க ஒப்புக்கொண்டார். வானொலி வழியாக உங்களோடு பேசிக்கொண்டிருக்கும் எனக்கு இதைச் சொல்லும்போது சிறிது கூச்சம் உண்டாகிறது. ஆயினும் அன்று அந்த நாடகம் ஏற்கப்பட்டிருந்தால், தமிழ்ச் சினிமா ஒரு படத்தை இழந்திருக்கவும் கூடும்.

அந்தப் படம்தான் 1954 ஏப்ரலில் வெளிவந்த 'அந்த நாள்'. கதை வசனம் ஜாவர் சீதாராமன். 'உடல் பொருள் ஆனந்தி', 'மின்னல் மழை மோகினி' ஆகிய தொடர்கதைகளால் வாசகர்களைக் கட்டிப்போட்ட அதே எழுத்தாளர். ஒளிப்பதிவு மாருதி ராவ். கதாநாயகன் பாத்திரத்துக்கு முதலில் எஸ். வி. சகஸ்ரநாமத்தையும், பின்னர் என். விஸ்வநாதனையும் வைத்துப் படம்பிடித்து, திருப்தியில்லாமல், மூன்றாவதாக 'பராசக்தி'யால் எழுந்துகொண்டிருந்த சிவாஜி கணேசனை அழைத்தார்கள். எடுத்ததைக் கழித்துவிட்டுத் திரும்பவும் எடுப்பதற்குத் தயாரிப்பாளரிடம் துணிவும் பணமும் வேண்டும். செட்டியாரிடம் இரண்டும் இருந்தன.

இரண்டாம் உலகப் போர்க்காலம். 1943 ஒக்டோபரில் சென்னையிலே யப்பானியக் குண்டு விழுந்த நேரத்தில் படம் தொடங்குகிறது. எங்களவர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் அதே யப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததைப் பாட்டன் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பதற்றத்தின் நடுவே, ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலே சுடப்பட்டுக் கிடக்கிறான். உளவுத்துறை அதிகாரி விசாரிக்கிறார். அந்தப் பாத்திரத்தில் ஜாவர் சீதாராமனே நடித்தார். அயல்வீட்டுக்காரர், ராஜனின் தம்பி, தம்பியின் மனைவி, ராஜனோடு உறவு வைத்திருந்த நடனக்காரி, ராஜனின் மனைவி உஷா என்று ஒவ்வொருவரும் தத்தம் கதையைச் சொல்கிறார்கள்.

குரோசாவாவைத் தமிழில் பெயர்த்துவிட்டார் என்று சிலர் இதனை ஒதுக்குவதுண்டு. அது சரியான மதிப்பீடல்ல. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். யப்பானியக் கதையிலே கொள்ளைக்காரன் "நானே கொன்றேன்" என்கிறான். மனைவியும் தன் கையாலேயே நடந்தது என்று கருதும்படி பேசுகிறாள். இறந்தவனோ "நானே என்னை முடித்துக்கொண்டேன்" என்கிறான். ஒவ்வொருவரும் தம் மானத்தைக் காக்கப் பழியைத் தம்மீது ஏற்கிறார்கள். பாலசந்தரின் கதையிலே ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகிறார்கள். கணவன் மனைவியையே சந்தேகிக்கிறான். தம் தோலைக் காப்பாற்றப் பழியை அடுத்த வீட்டு வளவுக்குள் எறிகிறார்கள். இது எங்கள் வேலி வழக்கு, எங்கள் ஊர், எங்கள் குணம். வெளியிலிருந்து எடுத்த வடிவத்தை நம் மனிதர்களுக்கு ஏற்ப அவர் திருப்பிப்போட்டுத் தைத்திருக்கிறார்.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. குரோசாவா உண்மையைக் காட்டாமலே விடுகிறார். பாலசந்தரோ காட்டுகிறார், காட்டி எங்களை நோகச் செய்கிறார். படம் வெளிவந்து எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டதால் முடிவைச் சொல்வதில் பாதகமில்லை. தன் கண்டுபிடிப்பை அரசு மதிக்கவில்லையென்ற கசப்பில் ராஜன் எதிரிக்கு இரகசியங்களை விற்கும் ஒற்றனாகிறான். அவன் உயிர் போனது மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியால். பண்டரிபாய் அந்தப் பாத்திரத்தை அழுகையால் நிறைக்காமல், அடக்கத்தால் நிறைத்திருக்கிறார்.

இங்கே எங்கள் இலக்கிய நினைவு விழித்துக்கொள்கிறது. சிலப்பதிகாரமும் ஒரு வகையில் பொய்ச்சாட்சியின் கதைதானே? பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் பாண்டியன் நம்பினான். கண்ணகி சிலம்பை உடைத்தாள். முத்துக்குப் பதிலாக மாணிக்கப் பரல் தெறித்தது. தடயத்தைக் கொண்டு சாட்சியைப் பொய்யாக்கிய முதற் பெண் அவள். வற்றாப்பளையிலும் ஏனைய ஊர்களிலும் அவளைக் கண்ணகை அம்மனாகப் பொங்கிப் படைத்து வணங்குகிறோம். கணவன் குற்றமற்றவன் என்று நிறுவி நீதி கேட்டவள் கண்ணகி. கணவன் குற்றவாளி என்று அறிந்து, நீதியின் பாரத்தைத் தன் தோளிலே சுமந்தவள் உஷா. கற்பைப் பற்றிய ஈராயிரம் ஆண்டுப் பேச்சை ஒரு கொலைக் கதை இப்படித் தலைகீழாக்கிவிட்டது. அதை வீரம் என்று படம் கொண்டாடவும் இல்லை; பாவம் என்று சபிக்கவும் இல்லை. அவளோடு எங்களை விட்டுவிட்டு முடிந்துவிடுகிறது.

'அந்த நாள்' பாட்டில்லாத முதற் தமிழ்ப் படம். நடனமும் இல்லை, சண்டைக் காட்சியும் இல்லை. பாட்டுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்த காலம் அது. முப்பதுகளிலே ஒரு படத்தில் ஐம்பது பாட்டுகள் இருந்ததும் உண்டு. பாட்டில்லாப் படம் என்பது உப்பில்லாச் சோறு மாதிரி. அப்படியொரு படத்தை எடுத்தவர் இசை தெரியாதவரல்லர். தாமே பாடி, இசையமைத்து, வீணையும் வாசித்த ஒருவர் ஏன் பாட்டை வேண்டாமென்றார்?

எனக்குத் தோன்றும் விடை இதுதான். எங்கள் சினிமாவிலே பாத்திரங்கள் வசனத்தில் பொய் சொல்வார்கள்; பாட்டிலே பொய் சொல்லமாட்டார்கள். கதாநாயகி தனியே நின்று பாடினால், அது அவளது உள்ளம் என்று நாங்கள் ஐயமின்றி நம்பிவிடுகிறோம். இது எழுதப்படாத ஒப்பந்தம். எல்லோரும் எதையோ மறைக்கும் ஒரு கதையிலே ஒரேயொரு பாட்டை வைத்தாலும் போதும். மறைத்த உள்ளம் வெளியே வந்துவிடும், மர்மம் கலைந்துவிடும். பாட்டின் வலிமையை முழுதாக அறிந்தவரால்தான் அதைத் துணிந்து விலக்க முடிந்தது. வீணையிலே இரண்டு மீட்டல்களுக்கு நடுவே நிற்கும் கார்வையின் அருமை தெரிந்தவர், திரையிலே மௌனத்தின் அருமையையும் தெரிந்துவைத்திருந்தார்.

இரசிகர்கள் உடனே கைதட்டவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள். பின்னர் 1954ஆம் ஆண்டுப் படங்களுக்கான இந்திய அரசின் விருதுகளில் தமிழ்ப் படப் பிரிவிலே நற்சான்றிதழ் கிடைத்தது. காலம் செல்லச் செல்ல அதன் மதிப்பும் ஏறியது.

அதன்பின் வந்த படங்களின் தலைப்புகளைச் சற்று வரிசைப்படுத்திப் பாருங்கள். 1956இல் 'எது நிஜம்?'. 1962இல் தம் சொந்த நிறுவனமான எஸ். பி. கிரியேஷன்ஸ் மூலம் 'அவனா இவன்?'. முதலில் நடித்த 'இது நிஜமா?' என்பதையும் சேர்த்தால், ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகளாக ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருப்பது தெரியும். 'அவனா இவன்?' படத்தைத் தயாரித்து, நெறியாண்டு, இசையமைத்து, நடித்ததும் அவரே.

1964இல் 'பொம்மை'. குண்டு வைத்த பொம்மையொன்று கைமாறிக் கைமாறி நகரமெங்கும் உலாவுகிறது. அதை எடுப்பவர்களுக்கு உள்ளே இருப்பது தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்குத் தெரியும். அல்பிரட் ஹிட்ச்கொக் 1936இல் எடுத்த 'சபோட்டாஜ்' படத்தின் பொறி இதில் உண்டு. அந்தப் படமோ ஜோசப் கொன்றாட் 1907இல் எழுதிய நாவலிலிருந்து பிறந்தது. ஆங்கில நாவல் இலண்டன் படமாகி, சென்னைப் பொம்மையாகிறது. கதைகள் இப்படித்தான் கடல் கடக்கின்றன. இந்தப் படத்திலே பாட்டு உண்டு. கே. ஜே. யேசுதாசைத் தமிழ்த் திரைக்கு அறிமுகப்படுத்தியவர் இதன் மூலம் பாலசந்தரே. படத்தின் முடிவிலே, எழுத்தில் பெயர் போடுவதற்குப் பதிலாக, படத்தில் உழைத்தவர்களை நேரே திரையில் தோன்றச் செய்து அறிமுகப்படுத்தினார். மாயையைக் கட்டியவர்களை, மாயை முடிந்ததும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இதுவும் நிஜத்தைக் காட்டும் ஒரு முறைதான்.

அவர் நெறியாண்ட கடைசிப் படம் 1970இல் வெளிவந்த 'நடு இரவில்'. அகதா கிறிஸ்ரி 1939இல் எழுதிய நாவலின் அமைப்பைத் தழுவியது. தனித்த தீவொன்றிலே ஒரு பெரிய வீடு, சொத்துக்காகக் கூடும் உறவினர், ஒவ்வொருவராகச் சாவு. மேஜர் சுந்தரராஜனும் பண்டரிபாயும் சௌகார் ஜானகியும் நடித்தனர். எடுத்து முடித்த படம் சில ஆண்டுகள் பெட்டிக்குள்ளேயே காத்திருந்து, வெளிவந்ததும் வெற்றி பெற்றது. கொலைகாரன் யார் என்பது கதையின் ஒரு பாதிதான். சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்திருப்பவர்கள் உண்மையிலே யார் என்பது மற்றப் பாதி. முதுசக் காணிக்குப் பங்குகேட்டு உறவுகள் கூடும் முற்றங்களைக் கண்டவர்களுக்கு இது அந்நியக் கதையல்ல.

உலகெங்கும் இவ்வகைக் கதைகள் முதலில் வாசற்படியிலேதான் நிறுத்தப்பட்டன. இத்தாலியிலே கொலைக் கதைக்கு 'மஞ்சள்' என்றே பெயர். மொண்டடோரி என்ற பதிப்பகம் 1929இல் தொடங்கிய மலிவுப் பதிப்புகளின் மஞ்சள் அட்டை தந்த பெயர் அது. பின்னர் அந்தப் பெயரிலேயே இத்தாலியில் ஒரு திரைமரபு வளர்ந்தது. அதன் முதற் படமென்று பலரும் கருதும் மாரியோ பாவாவின் படம் 1963இல் வந்தது. 'அந்த நாள்' அதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்தியது. இத்தாலியரின் மஞ்சள் அட்டை இன்று ஆய்வுப் பொருளாகிவிட்டது. எங்கள் தொடர்கதைக்காரர்களையும் மர்மப்பட நெறியாளர்களையும் நாங்கள் அந்த அளவுக்கு ஆராய்ந்தோமா?

1970க்குப் பின் பாலசந்தர் படம் எடுக்கவில்லை; வீணைக்கே தம்மை ஒப்படைத்தார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வாசித்துப் பதிவு செய்தார். 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஆனால் ஐயம் அவரை விட்டுப் போகவில்லை. எண்பதுகளிலே சுவாதித் திருநாள் மகாராஜாவின் பெயரால் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் அவருடையவைதாமா என்று கேட்டுப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். இசையுலகிற் பலர் அவரது வாதத்தை ஏற்கவில்லை, கோபித்தவர்களும் உண்டு. எல்லாவற்றையும் சந்தேகிப்பவனுக்கு நண்பர்கள் குறைவு. திரையிலே பலன் தந்த குணம் சபையிலே முள்ளாகக் குத்தியது. இரண்டும் ஒரே மரத்தில் வந்தவைதாம்.

1990 ஏப்ரலில் பிலாய் நகரிலே அவர் காலமானார். 'அந்த நாள்' வெளிவந்ததும் ஓர் ஏப்ரலில்தான். நடுவே முப்பத்தாறு ஆண்டுகள்.

மர்மக் கதைக்கு ஒரு சோதனை உண்டு. முடிச்சு அவிழ்ந்த பிறகும் அதைத் திரும்பப் படிக்கிறோமா, பார்க்கிறோமா என்பதே அது. அவிழ்ந்ததும் தூக்கியெறியப்படுவது விடுகதை. அவிழ்ந்த பிறகும் எங்களை உட்கார வைப்பது இலக்கியம். கொன்றது யார் என்று தெரிந்துகொண்டே 'அந்த நாள்' படத்தைப் பார்க்கிறவர், இம்முறை கொலைகாரரைத் தேடமாட்டார். ஒவ்வொரு சாட்சியும் எந்த இடத்திலே பொய்க்குள் காலை வைக்கிறது என்று பார்ப்பார். அப்படிப் பார்க்கப் பழகியவர், வேலி வழக்கிலே சாட்சி சொல்லப் போகும்போது, தன் வாயிலிருந்து வரப்போகும் வேலியையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு கொலைக் கதை அவ்வளவைச் செய்தால் போதாதா, நேயர்களே?